உலை கொதிக்கையில் புறப்பட்டவர்

விளக்கேந்தி அடிகளின் பாதக்குறடுகள் தங்கள் பீடத்தை விட்டிறங்கி ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கிய அந்தத் தை மாதத்தில் நல்லமாங்குளத்தில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. பருத்திக்கு வழக்கம்போல் விலை இல்லை, மினிபஸ் வழக்கம்போல் தாமதமாக வந்தது, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் மரகதவடிவு வழக்கம்போல் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள், அவள் புருஷன் பால்வண்ணன் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் வழக்கம்போல் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் பொங்கல் கழிந்த கையோடு அவன் மடத்துக்குப் போய், வருகிற விடைநாளில் நானும் விடைபெறுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அதனால் கஞ்சி வடிக்கும்போது வடிவுக்கு மட்டும் கை நடுங்கியது.

விடைநாள் என்பது அந்த ஊருக்கும் சுற்றுப்பட்டில் அடிகளைக் கும்பிடும் ஜனத்துக்கும் மட்டுமே உரிய வழக்கம். கொள்ளுப்பாட்டன்மார் காலத்துக்கும் முந்தி, தாது வருஷப் பஞ்சத்தின்போது, அடிகள் தம் கையால் கஞ்சித் தொட்டி திறந்தார், காலராவில் செத்த பிணங்களை யாரும் தொடாத நாளில் தோளில் தூக்கிப் போய்ப் புதைத்தார், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் இறைக்கவேண்டும் என்று சொல்லி அடிபட்டார். அதற்கெல்லாம் முன்னால், பஞ்சம் தொடங்கியிருந்த ஒரு மாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஒரு விளக்கோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மடத்தில் வைத்துப் படிக்கும் சரிதத்தில் அந்த இடம் ஒரே வரி: உலை கொதித்தது, பத்தினி புன்னகைத்தாள், அடிகள் புறப்பட்டார். இதில் புன்னகை என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் வித்வான் திருவம்பலம் தனியாக உரை எழுதி அச்சிட்டிருந்தார். அந்தப் புன்னகை ஞானப் புன்னகையா, சம்மதப் புன்னகையா, அல்லது இரண்டுக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது ஒன்றா என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்திருந்த அந்த உரையில், புன்னகைத்தவளின் பேர் என்ன என்பது பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது.

அன்றிலிருந்து அந்த நாளில், மனம் துணிந்த எந்தக் குடும்பஸ்தனும் மடத்தில் சொல்லிவிட்டு, ஊரறிய, மரியாதையோடு, வீட்டைவிட்டுப் போகலாம் என்று ஆயிற்று. மனைவி உலை வைக்கவேண்டும், அரிசி அரைவேக்காடு ஆகிற நேரத்தில் அவன் தலைவாசல் தாண்டவேண்டும், அவள் புன்னகைக்கவேண்டும், பிறகு அந்த அரைவேக்காட்டுச் சோற்றை முற்றத்தில் கொட்டிக் காக்கைக்கு வைக்கவேண்டும். நல்லமாங்குளத்துக் காக்கைகளுக்கு இது பரம்பரையாகத் தெரியும். விடைநாளன்று எந்த வீட்டில் ஆள் புறப்படுகிறானோ அந்த வீட்டு மதில்மேல் அவை காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

ஊரில் எந்த வழக்குக்கும் ஒரே தீர்ப்புத்தான். அடிகள் என்ன செய்தார் என்று ஒருவர் கேட்பார், இன்னது செய்தார் என்று மற்றவர் சொல்வார், அதுவே சரி என்று எல்லோரும் எழுந்து போவார்கள். அடிகள் காப்பி குடித்ததாகச் சரிதத்தில் இல்லை என்பதால் அங்கே காப்பிக்குச் சுக்குத்தண்ணி என்று பேர் வைத்துக் குடித்தார்கள். அடிகள் மூக்குக்கண்ணாடி போட்டதில்லை என்பதால் வித்வான் மடத்துப் படியேறும்போது கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார், வருஷத்துக்கு ஒருமுறையாவது படியில் விழுவார், விழுந்ததையும் ஒரு பேறு என்று சொல்லிக்கொள்வார்.

பாதக்குறடுகள் மரத்தால் ஆனவை. கரட்டுக் குன்றின்மேல் இருந்த மடத்தில், வெள்ளித் தகடு போட்ட பீடத்தில், ஊருக்கு முதுகைக் காட்டி வடக்கே பார்த்து இருந்தன. அடிகள் ஊரைவிட்டுப் போன திசை அது. ஒருநாள் காலையில் அவை பீடத்துக்குக் கீழே, தெற்கே பார்த்து நின்றன. தூக்கி மேலே வைத்தார்கள். மறுநாள் மடத்து வாசற்படியில் நின்றன. மறுபடியும் வைத்தார்கள். மறுநாள் படிக்கும் கீழே, செம்மண்ணில், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, நடந்துகொண்டிருக்கிற ஆளின் கால்களைப்போல நின்றன. உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு, கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதைப்போல, அவை நகர்வது தெரிந்தது.

மடத்துச் செயலாளர் பூதலிங்கம் அண்ணாச்சி கூட்டம் போட்டார். உரக்கடை வைத்திருப்பவர், எதையும் நடைமுறையாகப் பார்ப்பவர்.

"பாதக்குறடு நடக்குது, சரி, நடக்கட்டும்," என்றார். "கேள்வி அதில்ல. முன்னால பந்தல் போடணுமா பின்னால பந்தல் போடணுமா, அதச் சொல்லுங்க."

முன்னால் போடுவது என்று முடிவாயிற்று. தூக்கித் தூக்கிப் பீடத்தில் வைத்து அடிகளைத் திரும்பத் திரும்ப நடக்கவைப்பது அபசாரம் என்பதால் இனி யாரும் அவற்றைத் தொடக்கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள். தொட்டவர் மார்க்கத்துக்கு வெளியே, அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள் என்று அதற்கு ஒரு வாலும் வைத்தார்கள்.

வடிவு அந்தத் தீர்மானத்தைக் கேட்டபோது சத்துணவுக் கூடத்தில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பாதக்குறடுகள் கரட்டிலிருந்து இறங்கும் பாதை பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டித்தான் வருகிறது. போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் அவள் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தாள். நேற்று வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் இருந்தவை இன்று இந்தப்பக்கம் இருந்தன. எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் போகிற திசை வீடுகள் இருக்கிற திசை என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். புறப்பட்டவர் திரும்பி வருகிறார் என்றால், புறப்படுவது சரிதானா என்று யாராவது கேட்கமாட்டார்களா, விடைநாளுக்குள் கேட்டுவிடமாட்டார்களா என்று அவளுக்கு இருந்தது. சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறவளைப்போல அவள் அந்த மாதம் முழுவதும் பந்தலுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவை எவ்வளவுக்கெவ்வளவு மெதுவாக நடந்தனவோ அவ்வளவுக்கவ்வளவு அவள் அடிக்கடி எட்டிப் பார்த்தாள்.

ஊர் வேறுவிதமாகக் கவலைப்பட்டது. அடிகளுக்குப் பின்னால் நடப்பதுதான் மார்க்கம். ஆனால் அவர் திரும்பிவிட்டதால் பின்னால் வந்தவர்களெல்லாம் முன்னால் ஆகிவிட்டார்கள், அவருக்கு முதுகையும் காட்டக்கூடாது, ஆகவே இனிப் பின்னோக்கி நடப்பதே முறை என்று வித்வான் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கினார். இளவட்டங்கள் சிலர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசையில் பாதிப்பேர் ஒரு பக்கமும் பாதிப்பேர் மறுபக்கமும் பார்த்து நின்றார்கள். ஒருவன் சாக்கடையில் விழுந்தான். மினிபஸ் டிரைவர், நீங்க எப்படி வேணா நடங்க, ஏறும்போது மட்டும் மூஞ்சியக் காட்டி ஏறுங்க என்று கேட்டுக்கொண்டார். பந்தலுக்குப் பக்கத்தில் சர்பத் கடை வந்தது, அது பந்தலோடு கூடவே நகர்ந்தது. பாதக்குறடுகள் ஒரு ஆட்டுக்கல்லைச் சுற்றிப் போனபோது, அந்த ஆட்டுக்கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள்.

அப்புறம்தான் புறப்பட்டுப் போனவர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கெங்கோ மடங்களிலும் சத்திரங்களிலும் இருந்தவர்களுக்கு யார் சொன்னார்களோ, செல்போனில் வந்த படத்தைப் பார்த்தார்களோ, ஒவ்வொருவராகச் சாயங்கால பஸ்ஸில், காவித் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இறங்கியதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், தங்களை அனுப்பிவைத்த ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் வீட்டில் மகன்கள் அவர்களை யாரென்று கேட்டார்கள். ஒருவருடைய வீடு இருந்த இடத்தில் செல்போன் டவர் இருந்தது. அவர் அதையே மூன்றுமுறை சுற்றிவந்து கும்பிட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்.

பால்வண்ணனும் சாயங்காலங்களில் பஸ் நிலையத்தில் நின்றான். கடைக்கு வயர் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டான். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது விடைபெற்றுப் போனவர் அவன் அப்பா. அன்றிலிருந்து அவன் ஊரில் விடைபெற்றவர் மகன். மடத்தில் முதல் பிரசாதம் அவனுக்குத்தான் கொடுப்பார்கள், திருவிழாவில் விளக்கு அவன் கையில்தான் இருக்கும். இதெல்லாம் கல்யாணமாகி வந்த புதிதில் வடிவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் நடக்கும்போது அவன் கண் கூட்டத்தில் எதைத் தேடுகிறது என்பதை அவள் கண்டுபிடிக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது.

"எதுக்குங்க இப்படி ஒரு முடிவு?" என்று அவள் அவனைக் கேட்டிருந்தாள். "என்மேல எதுவும் கோவமா?"

"உன்மேல என்ன கோவம். அப்பா போன வயசு எனக்கு வந்திருச்சு, வடிவு."

"வயசு வந்தாப் போகணுமா?"

"பெரியவங்க போனது பெரிய காரியம்னுதானே இத்தன வருஷமும் நம்புறோம். அது பெரிய காரியம் இல்லேன்னா..." கையில் இருந்த காப்பர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "அடிகள் செஞ்சது தப்பாகுமா?" என்று மட்டும் கேட்டான்.

"அடிகள் காலரா பொணத்தத் தூக்குனாரு," என்றாள் வடிவு. "போன ஐப்பசியில எதிர்வீட்டுப் பெரியவரு செத்தப்ப, தூக்க ஆளில்லாம டவுனுக்குப் போன்போட்டு வண்டி வரவழைச்சாங்க. அன்னைக்கு யாரும் அடிகள் என்ன செஞ்சாருன்னு கேக்கல. கஞ்சித்தொட்டிய யாரும் தெறக்கல. அவரு செஞ்சதுலயே செருப்பு மாட்டிக்கிட்டா முடிஞ்சுபோற காரியம் எதுன்னு பாத்து, அத மட்டும் பிடிச்சுக்கிட்டீங்க."

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடப் பாடத்தைக் கவனிக்கிற பையனைப்போலக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதும் சரிதான்," என்றான், ஆனால் மறுநாளும் மடத்துக்குப் போனான், துணிமூட்டை கட்டுவதற்குப் பொருத்தமான வேட்டி ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டான். அந்த வேட்டி காய்வதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் அதன்மேல் செண்பகத்தின் பாவாடையைப் போட்டு மூடினாள். செண்பகம் அவர்கள் மகள், ஆறாம் வகுப்பு, அப்பாவிடம் எதுவும் கேட்காமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்கிற பிள்ளை.

மாசி பிறந்ததும் தெருப் பெண்கள் புன்னகை சொல்லிக்கொடுக்க வந்தார்கள். அதுவும் வழக்கம்தான். விடைகொடுக்கப்போகிறவள் அழுதுவிட்டால் தெருவுக்கே ஆகாது என்பதால், வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்து பழக்கிவிடுவார்கள்.

"பல்லு தெரியக்கூடாது. பல்லு தெரிஞ்சா சந்தோஷப்படுற மாதிரி ஆயிரும்."

"உதட்ட ரொம்ப இறுக்காத, அது வைராக்கியம்."

"கண்ணு தரையப் பாக்கணும். ஆனா தரையப் பாக்கிற மாதிரி இருக்கக்கூடாது."

"மதினி, எனக்கு வரலையே," என்றாள் வடிவு.

பக்கத்துவீட்டுக் கனியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். கனியம்மாவின் புருஷன் விடைபெற்றுப் போய் வருஷம் பல ஆகிறது. அன்று அவள் புன்னகைத்ததைப்போல் அதற்கு முன்னும் பின்னும் யாரும் புன்னகைத்ததில்லை என்று பேர். அதைப் போட்டோ எடுத்து மடத்தில் மாட்டியிருந்தார்கள்.

"வராது," என்றாள் கனியம்மா, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "எனக்கும் வரல. அன்னைக்கு எனக்குக் கடவாப்பல்லுல வலி. அதத்தான் படம் பிடிச்சு வச்சிருக்கானுவ."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. கனியம்மாவின் புருஷன்தான். நரைத்த தாடி, கக்கத்தில் காவித் துண்டு, நேரே தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். கனியம்மா எழுந்துபோனாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பல் தெரியாமல், உதட்டை இறுக்காமல், தரையைப் பார்க்காததுபோல் தரையைப் பார்த்து, மடத்தில் மாட்டியிருக்கும் அதே புன்னகையைப் புன்னகைத்தாள். பிறகு கதவைச் சாத்தி உள்தாழ் போட்டாள்.

அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார். வேறு எங்கும் போகவில்லை. அன்றிலிருந்து கனியம்மா அவருக்குச் சாப்பாடு வெளியே வைத்தாள், கதவை மட்டும் திறக்கவில்லை. வடிவு காலையில் வாசல் தெளிக்கும்போது அவர் தன் வீட்டு வாசலைத் தெளித்துக்கொண்டிருப்பார்.

இப்படியே பாதக்குறடுகள் கரட்டை இறங்கி, கண்மாய்க் கரையைக் கடந்து, ஊருக்குள் வந்துவிட்டன. அடிகளின் வீடு இருந்த இடம் இதுதான் என்று வித்வான் ஆராய்ந்து நிறுவி, சலவைக்கல் பாவி, கிரில் கேட் போட்டு வைத்திருந்த நினைவில்லம் கடைத்தெருவில் இருந்தது. அங்கே மேளத்தோடு காத்திருந்தார்கள். பாதக்குறடுகள் அதைத் தாண்டிப் போயின. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் பாதக்குறடுகள் எப்படித் திரும்பிப் பார்க்கும். வித்வான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

அன்றைக்கு மறுபடியும் கூட்டம். பூதலிங்கம் அண்ணாச்சி முதல்முறையாக நடைமுறையை விட்டுப் பேசினார்.

"அடிகளே அடிகளப் பின்பத்தலேன்னா, நாம யாரப் பின்பத்துறது, வித்வான்?"

வித்வான் நெடுநேரம் யோசித்துவிட்டு, புறப்பாடு மெய், திரும்பல் லீலை என்றார். அண்ணாச்சிக்கு அது விளங்கவில்லை, ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளத் தக்கதாக இருந்தது. கடைசியில், பாதக்குறடுகள் என்ன சொல்ல வருகின்றன என்று முழுதாகத் தெரிகிற வரைக்கும் விடைநாள் எப்போதும்போல் நடக்கும் என்று முடிவு செய்தார்கள். பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வடிவு விடைநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். இந்த வருஷம் விடைபெறுகிறவன் பால்வண்ணன் ஒருவன்தான் பாக்கி. மற்றவர்களெல்லாம் நிலவரம் தெரியட்டும் என்று அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

விடைநாளுக்கு முந்திய சாயங்காலம் பாதக்குறடுகள் அவர்கள் தெருமுனையில் திரும்பின. தெருவே வாசலில் வந்து நின்றது. யார் வீட்டுக்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கனியம்மாவின் புருஷன் எழுந்து ஒதுங்கி நின்று, தன் வீட்டுக்குத்தான் என்றால் தான் என்ன செய்யவேண்டியிருக்கும் என்று பயந்தவரைப்போலக் கதவைப் பார்த்தார். பால்வண்ணன் கடைசி பஸ்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். யாரும் வரவில்லை என்பது அவன் நடையிலேயே தெரிந்தது. பாதக்குறடுகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றின்மேல் நிழல் விழாமல், வீட்டுக்குள் போனான்.

விடிந்து வடிவு கோலம் போடக் கதவைத் திறந்தபோது அவை அவள் வாசற்படிக்கு முன்னால் நின்றன. இரண்டும் இப்போது ஒன்றாக, சேர்ந்து, விரல் பக்கம் வீட்டைப் பார்த்து, ஒருவர் வந்து நின்று கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதைப்போல இருந்தன. நகரவில்லை.

அவளுக்கு அந்தப் படிக்கல் வந்த கதை ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கருகிப்போன மூன்று கற்கள் கிடைத்தன. எந்தக் காலத்து அடுப்போ என்று கொத்தனார் சொன்னார். இரண்டு சின்னவை உடைந்துபோயின, பெரியதை வீணாக்கவேண்டாம் என்று வாசற்படியாகப் போட்டுவிட்டார்கள். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கரி போனதே இல்லை. அவள் கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பேர் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றி முதன்முதலாக நினைத்தாள். அவர் போனபிறகு அவள் அந்த அரிசியை என்ன செய்திருப்பாள். பஞ்ச காலம். காக்கைக்குக் கொட்டியிருக்க மாட்டாள். அடுப்பை ஊதி முழுதாக வேகவைத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பாள்.

வெயில் ஏறியதும் மடத்திலிருந்து மேளதாளத்தோடு வந்தார்கள். வந்து, பார்த்து, நின்றுவிட்டார்கள். உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. பால்வண்ணன் வெளுத்த வேட்டியும் கையில் மூட்டையுமாகத் தலைவாசலுக்கு வந்தான். படிக்கு அந்தப்பக்கம் பாதக்குறடுகள். அவற்றைத் தாண்டாமல் வெளியே வர வழியில்லை. அடிகளின் பாதக்குறடுகளைத் தாண்டுவது என்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"பின்வாசல் இருக்கா?" என்றார் அண்ணாச்சி.

"அடிகள் தலைவாசல் வழியாத்தான் போனாரு," என்றார் வித்வான்.

"அப்ப நீங்க கொஞ்சம் எடுத்து ஓரமா வைங்க, வித்வான்."

"தொடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டது யாரு? நீங்கதானே கையெழுத்து."

மதில்மேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அரிசி அரைவேக்காட்டை எட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் தவறினால் அடுத்த வருஷம்தான். தெரு முழுவதும் வடிவின் உதட்டைப் பார்த்தது. அடிகளே மறித்துவிட்டார், அவன் நின்றுவிடுவான், நீ பிழைத்தாய் என்று பெண்களின் கண்கள் சொல்லின. வடிவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். போகவும் முடியாமல் நிற்கவும் தெரியாமல், யாராவது வந்து இன்னது செய் என்று சொல்லமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் நிலையத்தில் நிற்கிற அதே முகம். இப்படி நின்றுவிடுகிறவன் அடுத்த மாசியில் மறுபடியும் வேட்டி துவைப்பான், அதற்கடுத்த மாசியிலும் துவைப்பான், ஒவ்வொரு தையிலும் தன் கை நடுங்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் படிமேல் வந்து நின்றாள். குனிந்து பாதக்குறடுகள் இரண்டையும், வெளியே போய் வந்த பிள்ளையின் செருப்பை எடுப்பதைப்போல, ஒரு கையால் எடுத்தாள். மேளக்காரர் பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"வடிவு, நீ மார்க்கத்துக்கு வெளிய போயிட்ட," என்றார் அண்ணாச்சி. மிரட்டலாகச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொன்னார்.

"சரிங்க அண்ணாச்சி. அப்ப நான் சிரிக்க வேண்டியதில்ல."

அவற்றை உள்ளே கொண்டுபோய், மண் தட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மடத்தில் வைத்திருந்ததுபோல் உயரத்தில் வைக்கவில்லை. தரையில், சாப்பிட உட்காருகிறவர் கழற்றிப்போடுகிற இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து புருஷனுக்கு எதிரில் நின்றாள்.

"இப்ப வாசல்ல யாரும் இல்ல," என்றாள். "போறதுன்னாப் போங்க, மறிக்க மாட்டேன். ஆனா அடிகள் போனாரு, அதனால போறேன்னு சொல்லாதீங்க. அடிகள் வந்துட்டாரு, அதனால நிக்கிறேன்னும் சொல்லாதீங்க. அவரு பாட்ட அவரு பாத்துக்குவாரு. நீங்க என்ன செய்யப் போறீங்க?"

நல்லமாங்குளத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் யாரையும் கேட்டதில்லை. வித்வான் சரிதத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். அதற்கு மேற்கோள் இல்லை. பால்வண்ணன் மூட்டையை மாற்றிப் பிடித்தான். வெளியே பார்த்தான், தெரு நீளத்துக்கும் வழி விட்டிருந்தார்கள். உள்ளே பார்த்தான், செண்பகம் கதவோரத்தில் நின்றுகொண்டு, அவனைப் பார்க்காமல், அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலையே, வடிவு," என்றான்.

தெரியவில்லை என்று அவன் சொல்லி அவள் கேட்டதில்லை.

"அப்பா வரல," என்றான் அவன், மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே. "எல்லாரும் வந்துட்டாங்க. அவரு வரல. பெரிய காரியத்துக்குத்தான் போனாருன்னு நெனச்சேன்."

"போனாரு," என்றாள் வடிவு. "போனாருங்கறதுதான் நமக்குத் தெரியும்."

உலைமூடி தடதடவென்று அடித்துக்கொண்டது. கஞ்சி பொங்கி அடுப்பில் விழுந்து சீறியது. சாதாரணமாக அந்தச் சத்தம் கேட்டால் வடிவின் கை தானாகப் போகும்; அன்று அவள் நகரவில்லை. பால்வண்ணன் அவளைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான்.

"வெந்துருச்சா?"

"நீங்களே பாருங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவன் உலைமூடியைத் திறந்தவனில்லை. ஒரு கையால் திறக்கப் பார்த்தான், சுட்டது. துண்டை வைத்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்து, பாதக்குறடுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். மூடியைத் திறந்து, ஆவியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தான், காயிலில் கம்பி சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கிற அதே கவனத்தோடு.

"நடுவுல இன்னும் கல்லா இருக்கு," என்றான். "கொஞ்சம் வேகணும்."

"அப்ப தீயத் தள்ளி விடுங்க."

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விறகைத் தள்ளினான். செண்பகம் யாரும் சொல்லாமலே நான்கு இலை எடுத்துவந்து போட்டாள். நான்காவது எதற்கு என்று வடிவு கேட்கவில்லை. அதைப் பாதக்குறடுகள் இருந்த பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். அவருக்குக் கடைசியில் பரிமாறலாம், இத்தனை காலம் கழித்து வந்தவர் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்தபிறகு அவன் மூட்டையை எடுப்பானா என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அவள் கை மட்டும் நடுங்கவில்லை.

வெளியே கூட்டம் நின்றுகொண்டே இருந்தது. நேரம் தாண்டிவிட்டதை முதலில் உணர்ந்த அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். பக்கத்து வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், சோறு வேகிற வாசனை தெருவில் பரவியதும், எழுந்து தன் வீட்டுக் கதவை மெல்லத் தட்டினார். உள்ளிருந்து கனியம்மா, "இருங்க, எனக்கு இன்னும் ஒல வைக்கல," என்றாள். மதில்மேல் காக்கைகள் கழுத்தைச் சாய்த்து முற்றத்தைப் பார்த்தன, ஒன்றையொன்று பார்த்தன, மறுபடி முற்றத்தைப் பார்த்தன. யாரும் எதையும் கொண்டுவந்து கொட்டவில்லை.